வெளிநாட்டுப் பயணத்தில் மது: பெட்டி கட்டுவது முதல் ஊர் திரும்புவது வரை கவனிக்க வேண்டிய சட்டங்களும் வழக்கங்களும்

“அந்த நாட்டில் குடிக்கலாமா, கூடாதா?” என்று மட்டும் விசாரித்துவிட்டு விமானம் ஏறுபவர்கள்தான் பெரும்பாலும் சிக்கலில் மாட்டிக்கொள்கிறார்கள். மது அருந்துவதை அனுமதிக்கும் நாடுகளிலும் சட்டம் வேறு பல கேள்விகளைக் கேட்கிறது: குடிப்பவருக்கு வயது என்ன, அவர் எந்த மதத்தவர், பாட்டில் எங்கிருந்து வந்தது, எந்த இடத்தில் திறக்கப்பட்டது, அப்போது மணி என்ன, குடித்த பிறகு அவர் என்ன செய்தார். அருந்தியதற்காகத் தண்டிக்கப்படுபவர்களைவிட, பாட்டிலைத் தவறான எல்லைக்குள் கொண்டுபோனதற்காகவும், தெருவில் வைத்துத் திறந்ததற்காகவும், பிறகு வண்டியை எடுத்ததற்காகவும் தண்டிக்கப்படும் பயணிகள் அதிகம் என்பது என் கருத்து. அதனால் இந்த வழிகாட்டி பயணம் நடக்கும் வரிசையிலேயே செல்கிறது. விதிகள் அடிக்கடி மாறுவதால், புறப்படும் வாரத்தில் அந்தந்த நாட்டின் சுங்கத் துறை இணையதளத்தை ஒரு முறை பார்த்துக்கொள்வது அவசியம்.

1. முதலில் உங்கள் வயதையும் ஆவணத்தையும் சரிபாருங்கள்

வயது வரம்பு நீங்கள் நிற்கும் மண்ணைப் பொறுத்தது. சொந்த ஊரில் என்ன வரம்பு என்பது அங்கே செல்லாது. இந்தியாவுக்குள்ளேயே புதுச்சேரியில் 18, தமிழ்நாட்டில் 21, கேரளத்தில் 23, டெல்லியில் 25 என்று இருப்பதால் நமக்கு இது புதிதல்ல. சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் 18, ஜப்பானிலும் தாய்லாந்திலும் 20, இலங்கையிலும் அமெரிக்காவிலும் 21. மலேசியா 18 ஆக இருந்த வரம்பை 2017 டிசம்பரில் 21 ஆக உயர்த்தியது. ஜெர்மனியில் பீருக்கும் திராட்சை மதுவுக்கும் 16, விஸ்கி போன்ற கடும் மதுவுக்கு 18. தென்கொரியாவில் 19 வயது நிறையும் ஆண்டின் ஜனவரி 1ஆம் தேதி முதலே வாங்கலாம். பிறந்தநாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் தலை நரைத்தவரிடமும் அடையாள அட்டை கேட்பது சாதாரணம். அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டு வாதாடுவதில் பயனில்லை. வயது குறைந்தவருக்கு விற்றால் அபராதம் விற்பவர் தலையில் விழும். இந்திய ஓட்டுநர் உரிமத்தையும் ஆதார் அட்டையையும் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். அசல் கடவுச்சீட்டையே கேட்பார்கள். கைப்பேசியில் உள்ள படம் போதாது.

மதம் பற்றிய கேள்வி சில நாடுகளில் வயதைவிட முக்கியமானது. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர் மது அருந்தத் தடையில்லை. முஸ்லிம்களுக்கு அது ஷரியா சட்டப்படி குற்றம். கோலாலம்பூர் உணவகத்தில் எல்லோரும் ஒரே மேசையில் அமர்ந்திருந்தாலும், எதிரே இருக்கும் நண்பருக்கு நீட்டப்படும் கோப்பைக்குப் பொருந்தும் சட்டம் வேறாக இருக்கலாம். தமிழ் முஸ்லிம் குடும்பங்களோடு உறவும் நட்பும் உள்ளவர்கள் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

2. பாட்டிலை எடுத்துச் செல்வதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்

விமான விதிகள் ஏறக்குறைய உலகெங்கும் ஒரே மாதிரிதான். 70 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள மதுவை விமானத்தில் கொண்டுபோகவே முடியாது. 24 முதல் 70 சதவீதம் வரை உள்ளதை, கடையில் விற்ற மூடி பிரியாத பாட்டிலாக, ஒருவர் 5 லிட்டர் வரை செக்-இன் பெட்டியில் வைக்கலாம். பெரும்பாலான விமான நிலையங்களில், கைப்பையில் 100 மில்லிக்கு மேல் எந்தத் திரவமும் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டாது. சோதனைக்குப் பின் டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கிய பாட்டிலை, கடைக்காரர் முத்திரையிட்டுத் தரும் ஒளிபுகும் பையிலேயே, ரசீது வெளியே தெரியும்படி வைத்திருக்க வேண்டும். இடையில் இன்னொரு விமான நிலையத்தில் மாறுகிறீர்கள் என்றால், அந்தப் பை கிழிந்திருந்தால் பாட்டில் குப்பைத் தொட்டிக்குப் போய்விடும். அமெரிக்காவுக்குச் செல்பவர்கள் முதலில் இறங்கும் நிலையத்தில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைப்பதால், அந்த இடத்தில் பாட்டிலைப் பெட்டிக்குள் மாற்றிவிடுவது பாதுகாப்பானது. விமானத்துக்குள் சொந்தப் பாட்டிலைத் திறந்து குடிப்பது விதிமீறல். பணிப்பெண்ணோ பணியாளரோ ஊற்றிக் கொடுப்பதை மட்டுமே அருந்தலாம்.

இறங்கும் நாட்டில் எவ்வளவு வரியின்றி அனுமதி என்பதுதான் அடுத்தது. மலேசியாவும் தாய்லாந்தும் 1 லிட்டர், துபாய் 4 லிட்டர், ஜப்பான் 760 மில்லி அளவில் 3 பாட்டில். சிங்கப்பூர் 2 லிட்டர் தருகிறது. ஆனால் அதில் கடும் மது 1 லிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, பயணி குறைந்தது 48 மணி நேரம் சிங்கப்பூருக்கு வெளியே இருந்திருக்க வேண்டும், மலேசியாவிலிருந்து வருபவர்களுக்கு அந்தச் சலுகையே கிடையாது. மலேசியாவின் ஜொகூரில் மலிவாகக் கிடைத்தது என்று ஒரே ஒரு பாட்டிலோடு பாலம் கடந்து வருபவரும், தானாகவே சிவப்பு வழியில் சென்று வரி கட்ட வேண்டும். பச்சை வழியில் நடந்தாலே “அறிவிக்க எதுவும் இல்லை” என்று சொன்னதாகிவிடும்.

மாலத்தீவுக்குப் பாட்டிலோடு போகவே கூடாது. வெலானா விமான நிலையத்தில் வந்திறங்கும் பெட்டிகள் எல்லாம் ஊடுகதிர்ச் சோதனைக்கு உள்ளாகின்றன. திரையில் பாட்டிலின் வடிவம் தெரிந்தவுடன் பெட்டி ஓரமாக நிறுத்தப்படும், பாட்டில் சுங்கத்தின் காவலுக்குப் போகும். வழியில் டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கியது என்ற விளக்கம் எடுபடாது. அதே தீவுக்கூட்டத்தில், ரிசார்ட் தீவில் இறங்கினால் கடற்கரையோர மதுக்கூடம் திறந்தே இருக்கும். உள்ளூர் மக்கள் வாழும் தீவில் விடுதி எடுத்தால் ஒரு துளியும் கிடைக்காது. செலவைக் குறைக்க உள்ளூர் தீவுகளைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

3. முழுத் தடையுள்ள நாடுகளில் விதிவிலக்கைத் தேடாதீர்கள்

சவூதி அரேபியா 1952இல் மதுவைத் தடை செய்தது. 2024 தொடக்கத்தில் ரியாத்தின் தூதரகப் பகுதியில் முஸ்லிம் அல்லாத தூதர்களுக்காகக் கடை ஒன்று திறக்கப்பட்ட செய்தியைப் பலர் “சவூதியில் மது வந்துவிட்டது” என்று புரிந்துகொண்டார்கள். சாதாரணப் பயணிக்கும் தொழிலாளிக்கும் அந்தக் கதவு திறக்கவில்லை. குவைத்திலும் தடைதான். கத்தாரில் உரிமம் பெற்ற விடுதிகளில் கிடைக்கும். வெளியிலிருந்து கொண்டுவர அனுமதியில்லை. 2022 உலகக் கோப்பைக் கால்பந்து தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, மைதானங்களைச் சுற்றி பீர் விற்கலாம் என்ற முந்தைய முடிவை அந்நாடு மாற்றிக்கொண்டது. முன்பு படித்த விதி இன்றும் அப்படியே இருக்கும் என்று நம்பக் கூடாது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை.

புரூணையில் விற்பனை இல்லை; ஆனால் முஸ்லிம் அல்லாத பயணி சுங்கத்தில் அறிவித்துவிட்டு 2 பாட்டில் மதுவும் 12 டின் பீரும் கொண்டுபோய், தனிமையில் அருந்தலாம்.

4. நாட்டின் பெயரோடு நின்றுவிடாமல் நகரத்தின் விதியைப் பாருங்கள்

ஐக்கிய அரபு அமீரகம் இதற்குச் சரியான பாடம். துபாயில் 21 வயது நிறைந்த பயணி விடுதிகளிலும் உரிமம் பெற்ற உணவகங்களிலும் அருந்தலாம். கடையில் வாங்க வேண்டுமானால் கடவுச்சீட்டைக் காட்டித் தற்காலிக உரிமம் பெறலாம். 2023 ஜனவரியில் நீக்கப்பட்ட 30 சதவீத வரி, 2025 ஜனவரியில் திரும்பி வந்தது. துபாயிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் உள்ள ஷார்ஜாவில் விற்பனையும் அருந்துவதும் தடை. வாடகை குறைவு என்று ஷார்ஜாவில் தங்கி துபாயில் வேலை பார்க்கும் நம்மவர்கள் நிறையப் பேர். உறவினர் வீட்டுக்குச் செல்லும் பயணி, துபாயில் சட்டப்படி வாங்கிய பாட்டிலைக் கையில் பிடித்தபடி டாக்ஸியில் ஏறி எல்லையைக் கடந்தால், பாட்டில் சட்டவிரோதப் பொருளாகிவிடும். வீட்டுக்கு வெறுங்கையோடு போக மனம் வராதவர்கள் இனிப்பு வாங்கிச் செல்லட்டும். துபாயிலும்கூட, தெருவில் அருந்துவதும் போதையில் பிறருக்குத் தொல்லை தருவதும் குற்றமே.

அமெரிக்காவில் 1933இல் மதுவிலக்கு நீங்கியபோது, ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலங்களுக்குப் போனது. அதனால்தான் நியூ ஆர்லியன்ஸின் பழைய குடியிருப்புப் பகுதியில் பிளாஸ்டிக் கோப்பையோடு தெருவில் நடக்கலாம்; பெரும்பாலான மற்ற நகரங்களில் காகிதப் பையில் மறைத்த பீரும் அபராதம் வாங்கித் தரும். காரில் மூடி திறந்த பாட்டில் பயணிகள் பக்கம் கிடந்தால், ஓட்டுநர் ஒரு சொட்டும் குடிக்காவிட்டாலும் பல மாநிலங்களில் வழக்குதான்.

5. கிழமையையும் மணியையும் குறித்துக்கொள்ளுங்கள்

சிங்கப்பூரைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்குள்ள சட்டத்துக்கும் தமிழர்களுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 2013 டிசம்பர் 8ஆம் தேதி, ஞாயிறு இரவு, லிட்டில் இந்தியாவில் தமிழ்நாட்டைச் சேர்ந்த கட்டுமானத் தொழிலாளி ஒருவர் தனியார் பேருந்தில் அடிபட்டு இறந்தார். அதைத் தொடர்ந்து கலவரம் வெடித்தது. விசாரணைக் குழு சுட்டிய காரணங்களில் மதுவும் ஒன்று. 2015 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை தீவு முழுவதும் பொது இடத்தில் அருந்தக் கூடாது. கடைகளும் எடுத்துச் செல்லும் மதுவை அந்த நேரத்தில் விற்கக் கூடாது. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தளத் திறந்தவெளியும் பொது இடமே. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் தனிக் கட்டுப்பாட்டு மண்டலங்கள்: சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கட்கிழமை காலை 7 மணி வரை அங்கே தெருவில் அருந்துவதற்கே இடமில்லை, வார இறுதியில் மாலை 7 மணியோடு கடை விற்பனை நின்றுவிடும்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்றால், ஞாயிறு மாலை வீரமாகாளியம்மன் கோயில் பக்கம் உறவினரைச் சந்திக்கப் போகிறவர், உரிமம் உள்ள உணவகத்துக்குள் அமர்ந்து சாப்பாட்டோடு பீர் அருந்தலாம். பாதி மிச்சமிருக்கும் டின்னோடு வாசலைத் தாண்டி நடைபாதையில் நின்று பேச்சைத் தொடர்ந்தால் அது குற்றம். பொது இடத்தில் அருந்துவதற்கு 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். மீண்டும் பிடிபட்டால் சிறையும் உண்டு. கட்டுப்பாட்டு மண்டலத்தில் தண்டனை ஒன்றரை மடங்கு. வாரம் ஒரு நாள் ஓய்வில் தொழிலாளர்கள் கூடும் இடத்தின் மீது மட்டும் கூடுதல் சுமை விழுந்தது நியாயமா என்று கேட்கலாம். எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. ஆனால் நடைபாதையில் நிற்கும் காவலரிடம் அதைக் கேட்பதால் அபராதம் குறையாது.

இலங்கையில் கடிகாரத்தைவிட நிலவுதான் முக்கியம். ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. அன்று மதுக்கடைகள் மூடியிருக்கும். மே மாத வெசாக் காலத்தில் கொழும்பு போவோர் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில், யாழ்ப்பாணத்துத் தவறணையில் (கள்ளுக்கடையில்) பனங்கள் சட்டப்படி கிடைக்கும். அதே பனையில் இறக்கிய கள் தமிழ்நாட்டில் 1987 முதல் தடைசெய்யப்பட்டிருப்பதால், நம்மூரிலிருந்து போகிறவர்களுக்கு இது வியப்பாகவே இருக்கும்.

தாய்லாந்தில் பிற்பகல் 2 முதல் 5 மணி வரை விற்பனைத் தடை பல்லாண்டுகளாக இருந்துவந்தது. 2025 இறுதியில் அதைச் சோதனை முறையில் தளர்த்தினார்கள். விசாக பூசை போன்ற பௌத்தப் புனித நாட்களின் கட்டுப்பாடு இன்னும் உண்டு. துருக்கியில் இரவு 10 முதல் காலை 6 வரை கடைகளில் விற்க மாட்டார்கள். சுவீடனில் 3.5 சதவீதத்துக்கு மேற்பட்ட மதுவைச் சிஸ்டம்போலாகெட் என்ற அரசுக் கடைதான் பெரும்பாலும் விற்கிறது. ஞாயிறு விடுமுறை, சனிக்கிழமை பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்கே அடைத்துவிடுவார்கள். அரசே மது விற்பது டாஸ்மாக் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் புதிதல்ல; எந்தச் சாப்பாட்டுக்கு எந்தத் திராட்சை மது ஒத்துப்போகும் என்று விற்பனையாளர் நிதானமாக விளக்குவதுதான் புதிது.

6. மேசை வழக்கங்களைக் கற்றுக்கொள்ளுங்கள், மறுக்கும் முறை உட்பட

நம் வீடுகளில் பெரியவர் முன்னால் குடிக்காமல் இருப்பதே மரியாதை. கொரியாவில் மேலதிகாரியோ மூத்தவரோ ஊற்றிக் கொடுப்பதை வாங்கிக்கொள்வது மரியாதை. ஆனால் முகத்தைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு அருந்த வேண்டும். வாங்கும்போது கோப்பையை இரண்டு கைகளாலும் பிடிக்க வேண்டும். ஊற்றும்போது வலக்கையில் பாட்டிலும், இடக்கை வலக்கையைத் தாங்கியபடியும் இருக்க வேண்டும். தன் கோப்பையில் தானே ஊற்றிக்கொள்வதில்லை. கோப்பை முழுதாகக் காலியாகும் வரை அங்கே மறுபடி ஊற்ற மாட்டார்கள். ஜப்பானிலோ பாதி குறைந்தவுடனே பக்கத்தில் இருப்பவர் நிரப்பிவிடுவார். ஆகவே ஜப்பானில் போதும் என்று உணர்த்த வேண்டுமானால், நிறைந்த கோப்பையைத் தொடாமல் வைத்திருப்பதே வழி. அங்குள்ள இசகாயா எனப்படும் சிறு மதுக்கூடங்களில், நீங்கள் கேட்காமலே சின்னக் கிண்ணத்தில் ஏதாவது ஒரு தொடுகறி வரும், அதற்குச் சில நூறு யென் ரசீதில் சேரும். ஏமாற்று வேலை என்று சண்டைக்குப் போகாதீர்கள், அது அமர்வதற்கான கட்டணம். மேசையில் எல்லோருக்கும் கோப்பை வரும்வரை யாரும் வாய் வைப்பதில்லை.

சீனாவில் கோப்பைகளை மோதும்போது இளையவரின் விளிம்பு மூத்தவரின் விளிம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். ஜார்ஜியாவில் விருந்துக்குத் தலைமை தாங்குபவர் பேசி முடிக்கும் முன் அருந்துவது நாகரிகமல்ல. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும், ஒரு முறை ஒருவர் அனைவருக்கும் வாங்கினால் அடுத்த முறை இன்னொருவர் வாங்குவார். பிறர் வாங்கியதைக் குடித்துவிட்டுத் தன் முறை வருவதற்குள் கிளம்புபவரை நெடுநாள் மறக்க மாட்டார்கள்.

குடிக்காதவர்கள் தயங்க வேண்டியதில்லை. ஜப்பானில் ஊலாங் தேநீர் கேட்பது மிகச் சாதாரணம். பிரிட்டனில் பழச்சாறு கேட்டுவிட்டு, உங்கள் முறை வரும்போது மற்றவர்களுக்கு பீர் வாங்கிக் கொடுத்தால் போதும். முதல் கோப்பையை மறுப்பது எளிது. இரண்டை வாங்கிக்கொண்டு மூன்றாவதை மறுப்பவரை எந்த நாட்டிலும் விட மாட்டார்கள்.

7. கோப்பைக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியெங் நகரில் மெத்தனால் என்ற நச்சுச் சாராயம் கலந்த மதுவால் 6 வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். 2025 ஆகஸ்ட்டில் குவைத்தில் கள்ளச்சாராயம் குடித்து இறந்த இருபதுக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் ஆசியத் தொழிலாளர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. விடுதியில் இலவசமாக ஊற்றித் தரும் கடும் மது, வாளியில் கலந்து விற்கும் பானம், விலைக்குப் பொருந்தாத வெளிநாட்டு முத்திரை ஆகியவற்றைத் தவிர்த்து, கண்ணெதிரே மூடி திறக்கும் டின் பீரோடு நிறுத்திக்கொள்ளலாம். மெத்தனாலின் கேடு உடனே தெரியாது. பல மணி நேரம் கழித்து, சில நேரம் மறுநாள்தான் வயிற்றுவலி, வாந்தி, பார்வை மங்கல் வரும். அதை முந்தைய இரவுப் போதையின் மிச்சம் என்று எண்ணிப் படுத்துவிடாமல் பெரிய மருத்துவமனைக்குப் போய், மெத்தனால் என்ற சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முறிமருந்து உண்டு, தாமதித்தால் பார்வையும் உயிரும் போகும்.

8. வண்டிச் சாவியைத் தொடாதீர்கள்

வியட்நாமில் 2020 முதல் வண்டி ஓட்டுபவரின் மூச்சில் ஆல்கஹால் இருக்கவே கூடாது. மதிய பீர் அருந்திவிட்டு வாடகை ஸ்கூட்டரை எடுக்கும் பயணிக்கும் அதே விதி. அமீரகத்திலும் வரம்பு பூஜ்யம். இங்கிலாந்தில் 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் வரை அனுமதி, எல்லையைத் தாண்டி ஸ்காட்லாந்துக்குள் போனால் 50. ஜப்பானில் குடித்தவர் ஓட்டுவது தெரிந்தும் கூட ஏறியவரும், அவருக்கு மது கொடுத்தவரும், வண்டி கொடுத்தவரும் தண்டனைக்கு உரியவர்கள், சைக்கிளுக்கும் விலக்கில்லை. பயணக் காப்பீட்டுப் பத்திரத்தில் போதையில் நேர்ந்த விபத்துக்கு இழப்பீடு இல்லை என்ற வரி பெரும்பாலும் இருக்கும். வெளிநாட்டு மருத்துவமனைச் செலவைக் கையிலிருந்து கட்ட நேரும்.

கைது செய்யப்பட்டால், காவலரோடு வாக்குவாதம் செய்யாமல், இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேளுங்கள். 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை தரும் உரிமை அது. புரியாத மொழியில் உள்ள தாளில் கையெழுத்திட வேண்டாம்.

9. திரும்பும்போது

இந்தியாவுக்குள் வரும் பயணி வரியின்றிக் கொண்டுவரக்கூடியது 2 லிட்டர். அதற்கு மேலுள்ளதை அறிவித்து வரி கட்டலாம்; வரி விகிதம் மிக அதிகம் என்பதால் பெரும்பாலும் கட்டுபடியாகாது. குடும்பத்தோடு வருபவர்கள் பிள்ளைகளின் பெயரிலும் கணக்குச் சேர்க்க முயல்வதைச் சுங்க அலுவலர்கள் ஏற்பதில்லை. மும்பையிலோ டெல்லியிலோ இறங்கி மதுரைக்கு உள்நாட்டு விமானம் பிடிப்பவர்கள், டியூட்டி ஃப்ரீ பாட்டிலை மறுபடி பெட்டி ஒப்படைக்கும் இடத்தில் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். அங்கிருந்து பாட்னாவுக்கோ அகமதாபாத்துக்கோ செல்பவர்கள் பாட்டிலை வாங்காமலே வருவது நல்லது: பீகாரில் 2016 முதல் முழு மதுவிலக்கு, குஜராத்தில் வெளியூர்ப் பயணிக்கு அனுமதிச் சீட்டு கட்டாயம், விமான நிலைய ரசீது அந்தச் சீட்டுக்கு ஈடாகாது.